பாரிஸில் தங்கப் பதக்கம்... சிம்லாவில் பரிசே வேணாம்! யார் இந்த அம்ரிதா ஷேர்-கில்?

இளம் ஓவியர்களுக்கு ஒரு கண்காட்சிப் பரிசு கிடைப்பதே பெரிய விஷயம். அப்படிக் கிடைத்த பரிசை வேணாம்னு சொன்னவர் அம்ரிதா ஷேர்-கில்.

1913-ல் புடாபெஸ்டில் பிறந்தார். அப்பா பஞ்சாபி சீக்கியர், அம்மா ஹங்கேரியர். 16 வயதில் ஓவியம் படிக்க பாரிஸ் போனார். 1932-ல் வரைந்த 'இளம் பெண்கள்' ஓவியத்துக்கு, அடுத்த வருஷமே அங்கே கிராண்ட் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அப்போ வயசு 20 தான்.

1934-ல் இந்தியா திரும்பினார். மறு ஆண்டு சிம்லா நுண்கலைச் சங்கக் கண்காட்சி. இவர் அனுப்பிய ஓவியங்களில் சிலவற்றை நிராகரித்த நடுவர்கள், இன்னொன்றுக்குப் பரிசு அறிவித்தார்கள். தங்கள் ரசனைக்கு ஒத்துவருபவருக்கே அதைக் கொடுக்கட்டும் என்று மறுத்துவிட்டார்.

பிறகு அஜந்தா பார்த்தார், கன்னியாகுமரி வரை வந்தார். அந்தப் பயணம்தான் 1937-ல் தென்னிந்திய கிராம மக்களை வரைய வைத்தது. அதே ஆண்டு பம்பாய் கலைச் சங்கக் கண்காட்சியில் 'மூன்று பெண்கள்' ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம். ஆனாலும் உயிரோடு இருந்தவரை படங்கள் பெரிசா விற்கவில்லை.

1941 டிசம்பர். லாகூரில் தனிக் கண்காட்சி தொடங்க சில நாட்களே இருக்கும்போது திடீர் உடல்நலக் குறைவால் இறந்தார். வயசு 28.

2023-ல் இவரது 'கதை சொல்பவர்' ஓவியம் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. அப்போதைக்கு இந்திய ஓவியங்களிலேயே அதுதான் உச்ச விலை. அதை வரைந்தது 1937-ல், சிம்லா பரிசை மறுத்த இரண்டே வருஷத்தில்!