பரிதிமாற் கலைஞரும் அவர்தம் அவாவும்

புகழை விரும்பாத புலவர் அரியர். இறைவனைப் பாடிய அடியார்களும் பதிகத்தின் இறுதிப் பாட்டில் தம் பெயரைப் பொறித்தே சென்றனர். அங்ஙனமாக, நம் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் தம் பாக்களைப் பெயர் மறைத்து வெளியிட்டமை எண்ணற்பாலது.

வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-ஆம் ஆண்டு பிறந்தனர். தந்தையார் கோவிந்த சிவனார்பால் வடமொழியும், மகாவித்துவான் சபாபதி முதலியார்பால் தமிழும் கற்றனர். பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, 1892-இல் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மையுற்றுப் பி. ஏ. பட்டம் பெற்றனர். அந்நாளில் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக் காட்டிடையே அது குடிபுகுந்தது 1937-இல்தான். கல்லூரித் தலைவர் மில்லர் துரையவர்கள் தத்துவம் கற்பிக்கும் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தனர். அவரோ தமிழாசிரியர் பதவியையே வேண்டிப் பெற்றனர். தமிழ்ப் பண்டிதரைப் பிற ஆசிரியர்க்குக் கீழ்ப்படியில் வைத்தெண்ணிய காலம் அது. இதுகொண்டு அவரை அவாவற்றவர் எனக் கூறல் பொருந்தாது. அவர் அவா பதவியினும் பெரிய பொருளை நாடிற்று.

மேனாட்டு மொழிகளில் உள்ளன யாவும் தமிழிலும் உளவாதல் வேண்டும் என்பதே அவ்வவா. ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் என்னும் நாடகங்களை இயற்றினர். நாடகத்திற்கு இலக்கணமாக நாடகவியலைச் செய்யுளில் யாத்தனர். ஆங்கிலப் புலவர் கையாண்ட பதினான்கடிப் பாட்டைத் தமிழிற் பாடிக் காட்டினர். தமிழார்வமுடைய மாணாக்கர்க்குத் தம் இல்லத்தில் ஊதியமின்றி இலக்கண இலக்கியம் கற்பித்து, அவர்களை இயற்றமிழ் மாணவர் என அழைத்தனர். இவையனைத்தும் ஏறத்தாழப் பத்தாண்டுகளுள் நிகழ்ந்தன!

அப்பதினான்கடிப் பாக்களை, மு. சி. பூரணலிங்கம் பிள்ளையவர்களோடு கூடி நடத்திய ஞானபோதினியில் வெளியிட்டபொழுது, ஆசிரியர் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என மாற்றினர். சூரியன் பரிதியாயிற்று, நாராயணன் மாலாயினன், சாஸ்திரி கலைஞராயினர். எழுதினார் யாரென்று நோக்காது எழுதியதை நோக்கிக் கற்றோர் தீர்ப்பளித்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. அச்சத்தினால் மறைந்தாரல்லர். தகுதியன்றி வரும் புகழை வெறுக்குமளவு புகழின்பாற் பெருமதிப்புடையார் ஒருவரே இங்ஙனம் செய்வர். அப்பாக்கள் தனிப்பாசுரத் தொகை என நூலாயின, ஜி. யு. போப் ஐயர் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். மறைதற்குக் கொண்ட அப்பெயராலேயே இன்று அவரை உலகம் அறிகின்றது. இயற்பெயர் பலர்க்கு நினைவில்லை.

உண்மை கூறின், அவர் நாடகங்களின் நடை மேடைக்குச் சற்றுக் கடினமே. பதினான்கடிப் பாட்டும் தமிழில் வேரூன்றிற்றில்லை. நிலைத்தது உரைநடை. 1902-இல் பல்கலைக்கழகப் பாடத்தினின்று தாய்மொழிகளை விலக்கும் முயற்சி எழுந்தபோது, பிள்ளையவர்களோடு நின்று எதிர்த்து வாதாடினர். தமிழை உயர்தனிச் செம்மொழியென நிறுவ முயன்ற தமிழ் மொழியின் வரலாறு 1903-இல் வெளிவந்தது. இந்திய அரசாங்கம் தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004-இல். நூல் வெளிவந்த அவ்வாண்டிலேயே, நவம்பர் 2-ஆம் நாள், என்புருக்கி நோயால் அவர் உயிர் நீத்தனர். அப்பொழுது அவருக்கு வயது 33.