தராசு பிடித்த விஞ்ஞானி

ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் ஜாபை முடித்து, எண்ணெய் தடவாமல் போட்டுவிட்டுப் போனால், லீவு முடிந்து வரும்போது துரு ஏறியிருக்கும். துரு இரும்பைத் தின்கிறது என்றுதான் நாம் சொல்கிறோம். ஆகவே கனம் குறையும் என்றே நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் துருவைத் தட்டாமல் நுட்பமான தராசில் வைத்தால் கனம் கூடித்தான் இருக்கும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் இரும்போடு சேர்ந்துவிடுகிறதே! இந்தக் கணக்கை உலகுக்குப் புரிய வைத்தவர்தான் லவாய்சியர்.

1743-ல் பாரிஸில் பிறந்தவர். படித்தது வக்கீல் படிப்பு, மனசெல்லாம் விஞ்ஞானம். அந்தக் காலத்தில், பொருள் எரிந்தால் அதிலிருந்து ஃபிளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்று பெரிய பெரிய அறிஞர்களே நம்பினார்கள். வெளியே போனால் கனம் குறையணுமே? 1772-ல் இவர் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்துப் பார்த்தார். கனம் கூடியிருந்தது!

1774-ல் இங்கிலாந்திலிருந்து வந்த பிரீஸ்ட்லி, பாதரசத்தின் சிவப்புப் பொடியைச் சூடாக்கித் தான் பிடித்த புது வாயுவைப் பற்றி விருந்தில் சொன்னார். லவாய்சியருக்கு அது போதும். 4 அவுன்ஸ் பாதரசத்தை அடைபட்ட காற்றில் வைத்து 12 நாள் விடாமல் சூடாக்கினார். 50 கன அங்குலக் காற்று 42, 43-க்கு இறங்கியது. மேலே 45 கிரெயின் சிவப்புப் பொடி படிந்தது. அந்தப் பொடியைத் தனியே எடுத்து இன்னும் பலமாகச் சூடாக்க, 41½ கிரெயின் பாதரசமும் 7, 8 கன அங்குல வாயுவும் கிடைத்தன. காற்றில் காணாமல்போன பங்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது! நாம் பரீட்சையில் இரண்டே வரியில் எழுதும் ஆக்ஸிஜனேற்றத்துக்குப் பின்னால் இந்தப் 12 நாள் இருக்கிறது.

ஆக்ஸிஜன் என்று பெயர் வைத்தவரும் இவர்தான். அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். அது தப்பு. நம் லேபிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே கிடையாது. பிரீஸ்ட்லிக்குச் சேர வேண்டிய பெருமையை இவர் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பதிலும் எனக்கு வருத்தம்தான்.

சரி, இத்தனை சோதனைக்கும் பணம் ஏது? 1768-லேயே அரசரின் வரி வசூல் குத்தகையில் பங்கு வாங்கியிருந்தார். ஏழை ஜனங்கள் உப்புக்குக் கட்டிய வரியும் அதில் உண்டு. தராசும் கண்ணாடிக் குடுவையும் அந்தக் காசில் வந்தவைதான். புரட்சி வந்தது. குத்தகைக்காரர்களை ஜனங்கள் மறக்கவில்லை. 1794 மே 8-ந் தேதி, ஒரே நாளில் 28 பேருக்குக் கில்லட்டின். மாமனார் தலை விழுந்ததும் அடுத்தது மருமகன். வயசு 50.

மனைவி மரி, 13 வயசில் அவரைக் கைப்பிடித்தவர். கணவருக்காகவே இங்கிலீஷ் படித்து மொழிபெயர்த்துக் கொடுத்தார். 1789-ல் வந்த அவருடைய இரசாயன நூலுக்குப் படங்கள் எல்லாம் இவர் கைவேலை. ஒரே நாளில் அப்பாவையும் கணவரையும் பறிகொடுத்து, சொத்தும் பறிபோய்ச் சிறைக்கும் போய் மீண்டார். பிறகு கணவர் விட்டுப்போன கட்டுரைகளைத் தேடிச் சேர்த்து அச்சில் கொண்டுவந்தார். ரம்ஃபோர்டு பிரபுவை மறுமணம் செய்துகொண்ட பிறகும் லவாய்சியர் என்ற பெயரை மட்டும் அந்த அம்மாள் விடவே இல்லை.