ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்: குடிசைக்கு நாற்காலி வந்த கதை

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும் பலருக்கும் நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். கடலையிலிருந்து விதவிதமான பொருள்களைச் செய்து காட்டிய அமெரிக்க விஞ்ஞானி என்று நம்மில் சிலர் பள்ளியிலேயே படித்திருப்போம். அவருடைய மாணவப் பருவம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதில் இரண்டு கிறிஸ்தவக் கல்லூரிகள் வருகின்றன. ஒன்று அவரை வாசலோடு திருப்பி அனுப்பியது. மற்றொன்று உள்ளே அழைத்துக்கொண்டது. இந்த இதழில் அந்தக் கதையைப் பார்ப்போம்.

கார்வர் 1864-ஐ ஒட்டி, மிசௌரி மாநிலத்தில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தார். பிறந்த தேதி அவருக்கே தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோது அவரையும் தாய் மேரியையும் ஒரு கொள்ளைக் கும்பல் கடத்திச் சென்றது. குழந்தை மட்டும் மீட்கப்பட்டது. தாய் திரும்பி வரவே இல்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு, முன்பு எஜமானர்களாக இருந்த மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் அவரை வளர்த்தார்கள். உடம்பு நோஞ்சான் என்பதால் வயல் வேலைக்கு அனுப்பவில்லை. சமையல், தையல், துணி வெளுத்தல் எல்லாம் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது இந்தக் கைத்தொழில்தான்.

பக்கத்து வெள்ளையர் பள்ளியில் அவருக்கு இடம் கிடையாது. அதனால் சிறுவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, பள்ளி இருந்த ஊர்களில் தங்கி, கிடைத்த வேலையைச் செய்து படித்தார். கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட் ஊரில் இருந்தபோது, ஒரு கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் கொன்று எரித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அந்த ஊரையே விட்டுப் போனார்.

உயர்நிலைப் பள்ளி முடித்ததும், கான்சாஸில் பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த ஹைலண்ட் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். இடம் உண்டு என்று தபாலில் பதில் வந்தது. 1885-வாக்கில் மூட்டை கட்டிக்கொண்டு போய் நின்றார். அவர் கறுப்பினத்தவர் என்பது நேரில் பார்த்தபோதுதான் கல்லூரிக்குத் தெரிந்தது. இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மதிப்பெண்ணும் மாறவில்லை, விண்ணப்பமும் மாறவில்லை. முகம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த அடியிலிருந்து மீள அவருக்குச் சுமார் ஐந்து வருடம் ஆனது. மேற்கு கான்சாஸில் அரசு கொடுத்த தரிசு நிலத்தில் மண் வீடு கட்டி விவசாயம் செய்து பார்த்தார். மழையும் இல்லை, மரமும் இல்லை. பிறகு அயோவா மாநிலத்தின் வின்டர்செட் ஊருக்கு வந்து, ஒரு ஹோட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தேவாலயத்தில் அவர் பாடியதைக் கேட்டு, மில்ஹாலண்ட் என்ற வெள்ளையர் தம்பதி அவரை வீட்டுக்கு அழைத்தார்கள். கணவர் டாக்டர், மனைவிக்குப் பாட்டில் ஈடுபாடு. பழக்கம் நட்பானது. நீங்கள் கல்லூரிக்குப் போயே ஆகவேண்டும் என்று இருவரும் விடாமல் வற்புறுத்தினார்கள். ஹைலண்ட் அனுபவத்தால் கார்வர் தயங்கினார். கடைசியில் 1890 செப்டம்பரில், இண்டியனோலா ஊரில் மெதடிஸ்ட் சபை நடத்திய சிம்சன் கல்லூரியில் சேர்ந்தார்.

கட்டணம் கட்டியபின் கையில் மிஞ்சியது சில சென்ட் காசுகள். அதில் சோள மாவும் மாட்டுக் கொழுப்பும் வாங்கி நாட்களை ஓட்டினார். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய குடிசையில் தங்கிக்கொண்டு, சலவைத் தொட்டியும் சோப்பும் கடனுக்கு வாங்கி, மாணவர்களின் துணிகளை வெளுத்துக் கொடுத்தார்.

துணி கொண்டுவந்த மாணவர்கள் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. அவர் தொட்டியில் துணி கும்மும்போது காலிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வெள்ளையர். அவரோ ஏழெட்டு வயது மூத்தவர், பல ஊர் பார்த்தவர், கதை சொல்லத் தெரிந்தவர். கொஞ்ச நாளில் அந்தக் குடிசை அவர்கள் கூடும் இடமாகவே ஆகிவிட்டது.

ஒருநாள் அவர் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால், குடிசையில் கட்டில், மேசை, நாற்காலிகள். பணம் சேர்த்து வாங்கி, அவர் இல்லாத நேரம் பார்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். யார் செய்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சில சமயம் கதவுக்கு அடியில் கச்சேரி டிக்கெட்டோ சில்லறையோ கிடக்கும். அதற்கும் ஆள் தெரியாது. கைநீட்டி வாங்கும் சங்கடம் அவருக்கு வரக்கூடாது என்பதில் அந்த இளைஞர்களுக்கு அக்கறை இருந்திருக்கிறது. உதவியைவிட அந்த அக்கறைதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிம்சனிலும் எல்லோரும் முதல் நாளே அணைத்துக்கொள்ளவில்லை. ஓவிய ஆசிரியை எட்டா பட், இவரை வகுப்பில் சேர்க்க முதலில் தயங்கினார். திறமையைப் பார்த்தபின் மனம் மாறினார். ஒரு கறுப்பினத்தவர் ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கவலைப்பட்டு, செடிகள்மேல் அவருக்கு இருந்த ஆசையைக் கவனித்து, தாவரவியல் படிக்கச் சொன்னார். ஆசிரியையின் தந்தை ஏம்ஸ் ஊரில் இருந்த அயோவா விவசாயக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். அப்படித்தான் 1891-இல் கார்வர் அங்கே போனார்.

ஏம்ஸில் பழைய கதையே மறுபடியும் நடந்தது. வந்த அன்றே வசைச் சொற்கள் காதில் விழுந்தன. விடுதியில் இடமில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மாணவர்களோடு உட்கார அனுமதியில்லை. கீழ்த்தளத்தில் வேலையாட்களோடுதான் சாப்பிட வேண்டும். இதைக் கேள்விப்பட்ட திருமதி லிஸ்டன் என்ற இண்டியனோலா அம்மையார், தம்மிடம் இருந்த நல்ல உடையை உடுத்திக்கொண்டு ரயிலேறி ஏம்ஸ் வந்தார். கார்வரோடு கல்லூரி வளாகம் முழுக்க நடந்தார். சாப்பாட்டு வேளையில் கீழ்த்தளத்துக்கே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சண்டையும் போடவில்லை, மனுவும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நிலைமை மெல்லச் சீரானது. பேராசிரியர் ஒருவரின் அலுவலக அறை கார்வருக்குத் தங்க இடமானது.

1892 கடைசியில் சீடர் ராப்பிட்ஸ் நகரில் ஓர் ஓவியக் கண்காட்சி. போக ஆசை இருந்தும், நல்ல உடையும் பணமும் இல்லாததால் கார்வர் பேசாமல் இருந்துவிட்டார். நண்பர்கள் அவரைக் கடைக்கு இழுத்துப்போய் ஒரு சூட் வாங்கி மாட்டிவிட்டு, ரயில் டிக்கெட்டையும் கையில் திணித்தார்கள். அங்கே வைத்த கள்ளிச்செடி ஓவியம், 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சி வரை போய்ப் பாராட்டுப் பெற்றது.

1894-இல் பட்டம், 1896-இல் முதுகலை. அதே ஆண்டு புக்கர் டி. வாஷிங்டன் அழைப்பை ஏற்று, அலபாமாவின் டஸ்கிகீ கல்வி நிலையத்துக்குப் போனார். பருத்தி விளைந்து சத்திழந்த மண்ணில் கடலையும் காராமணியும் சர்க்கரைவள்ளியும் போடச் சொல்லி, ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்கு வழிகாட்டினார். 1943 ஜனவரி 5 அன்று காலமாகும்வரை அங்கேயேதான் இருந்தார். புகழ் வந்த பின்னும் தென் மாநிலங்களின் இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் அவரை விடவில்லை. நண்பர்களின் அன்பால் சட்டத்தை மாற்ற முடியவில்லை. ஆனால் தாமும் ஒரு மனிதர்தான் என்ற நம்பிக்கையைத் தந்தது சிம்சன் கல்லூரி என்று அவர் கடைசிவரை நினைவுகூர்ந்தார். அதே கல்லூரி 1928-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

குடியிருப்பு இதழில் இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். வெளியூரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் நம்மைப் போன்ற குடியிருப்புகளில்தான் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். போனில் சரி என்று சொல்லிவிட்டு, நேரில் முகத்தைப் பார்த்ததும் வீடு போய்விட்டது என்று சொல்வது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்படிச் சொல்லும்போது நாம் ஹைலண்ட் வாசலில் நிற்கிறோம். சிம்சன் மாணவர்கள் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. துணியைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினார்கள். நாற்காலி அதற்குப் பிறகுதான் வந்தது.