ஆரியச்சக்கரவர்த்தியின் பல்லக்கில் சிவனொளிபாதமலைக்கு: இப்னு பதூதாவின் கதை

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிறவர்களுக்கு, தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே கூம்பாக நிற்கும் சிவனொளிபாதமலை தூரத்திலேயே தெரியத் தொடங்கிவிடும். உயரம் 2,243 மீற்றர். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை இரவிரவாக இங்கே படியேறுகிறார்கள். படிக்கட்டும் மின்விளக்கும் தேநீர்க்கடையும் இல்லாத காலத்தில், 1344இல், மொரோக்கோவில் பிறந்த ஒருவர் இந்த மலையில் ஏறினார். அவரை ஏற்பாடுகள் செய்து அனுப்பிவைத்தவர் ஒரு தமிழ் மன்னர்.

இப்னு பதூதா 1304இல் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். இஸ்லாமியச் சட்டம் படித்த குடும்பம். 1325இல், 21 வயதில், ஹஜ் கடமைக்காக மக்காவை நோக்கித் தனியாகப் புறப்பட்டார். கடமை முடிந்தும் ஊர் திரும்பவில்லை. பாரசீகம், கிழக்கு ஆபிரிக்கா, மத்திய ஆசியா என்று சுற்றி டில்லிக்கு வந்து, சுல்தான் முகம்மது பின் துக்ளக்கிடம் காதியாகப் பணிபுரிந்தார். சுல்தான் அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். ஆனால் கள்ளிக்கோட்டையில் புயல் அடித்து, பரிசுப் பொருட்கள் ஏற்றிய கப்பல் அழிந்தது. வெறுங்கையோடு டில்லிக்குத் திரும்ப அஞ்சியவர் மாலைதீவுக்குப் போனார். அங்கும் காதியானார், மணமுடித்தார், ஆட்சியாளர்களுடன் முரண்பட்டு 1344 ஓகஸ்டில் வெளியேறினார்.

அவர் போக நினைத்தது தமிழகக் கரைக்கு. காற்று கப்பலை இலங்கைப் பக்கம் தள்ளியது. கடலிலிருந்தே அந்த மலை அவர் கண்ணில் பட்டது. வானத்தில் எழுந்த புகைத்தூண் போலத் தெரிந்ததாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். கரை புத்தளம். அங்கே ஆட்சி செய்தவர் யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்தி. அவருடைய கப்பல்களுக்கு அஞ்சி மாலுமி இறங்க மறுத்தார். தன்னை மட்டும் கரையில் விடும்படி கேட்டு இறங்கிய இப்னு பதூதா, மன்னரைச் சந்தித்துக் கப்பலுக்கும் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்தார்.

மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது. பயணி சொன்ன தூரதேசத்து அரசர்களின் கதைகளை விரும்பிக் கேட்டார். முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துக்களைக் காட்டிச் சிலவற்றைக் கொடுத்தார். வேறென்ன வேண்டும் என்று கேட்டபோது, இந்தத் தீவுக்கு வந்த நாள்முதல் தனக்கிருக்கும் ஒரே ஆசை ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதுதான் என்றார் இப்னு பதூதா.

மன்னர் உடனே பயணத்தை ஒழுங்கு செய்தார். ஏறிச் செல்ல ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கிடைத்தன. ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய் வழி நன்கறிந்த நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், மன்னரின் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேர் என ஒரு கூட்டமே புறப்பட்டது. தண்ணீர் வழியெங்கும் கிடைத்தது. அவர் திரும்பும்வரை கப்பல் புத்தளத்தில் காத்திருந்தது.

மலைநாட்டுக் காடு அன்றும் ஈரமானதுதான். அட்டைக் கடியைப் பற்றிக் கொழுந்து பறிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றைய யாத்திரிகர்கள் எலுமிச்சங்காயைக் கையோடு கொண்டுபோய், அட்டை ஏறியதும் அதன்மேல் பிழிந்தார்கள். அது கழன்றதும் கடித்த இடத்தை மரக்கத்தியால் வழித்தார்கள். இதையும் இப்னு பதூதா குறித்து வைத்தார்.

உச்சிக்கு இரண்டு வழிகள் இருந்தன: பாபா வழி, மாமா வழி. ஆதமுக்கும் ஏவாளுக்கும் உரிய பெயர்கள். மாமா வழி இலகுவானது, ஆனால் அதில் ஏறியவரை யாத்திரை செய்தவராகக் கணக்கில் எடுப்பதில்லை. அவர் பாபா வழியில் ஏறி மாமா வழியில் இறங்கினார். செங்குத்தான பாறையில் முன்னோர் படிகள் வெட்டி, இரும்பு முளைகள் அடித்து, சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி: அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவாராம்.

அதையும் தாண்டி ஒரு குகை. மூட்டை முடிச்சுகளை அங்கே வைத்துவிட்டு, இன்னும் இரண்டு மைல் ஏறினால் பாதம். வழக்கப்படி மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் தரிசித்தார். பாதத்தைச் சுற்றிய பாறைக் குழிகளில் மற்றச் சமய யாத்திரிகர்கள் பொன்னும் மணியும் இடுவார்கள். தமக்கு அங்கே கிடைத்த கொஞ்சத்தையும் வழிகாட்டிக்கே கொடுத்தார்.

எல்லாம் இணக்கமாக இருந்தது என்று சொல்ல முடியாது. உள்நாட்டுத் தலைநகரில், மாடு அறுத்ததற்காகக் கையும் காலும் வெட்டப்பட்ட ஷேக் ஒருவரின் பள்ளிவாசல் இருந்தது. பாதமலைக்கு முதலில் வழிகாட்டியாக இருந்தவர் அவர்; அவருக்குப் பின் அந்த வேலையை அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் செய்தார்கள். இருந்தும் ஊரார் முஸ்லிம் யாத்திரிகர்களை மதித்தார்கள், வீட்டில் தங்கவைத்தார்கள் என்றும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

திரும்பும் வழியில் தெவிநுவர, காலி, கொழும்பு பார்த்துப் புத்தளம் சேர்ந்தார். அதன்பின் தமிழகக் கரையருகே கப்பல் உடைந்தது. மதுரை சுல்தானிடம் தங்கினார். கொல்லத்திலிருந்து புறப்பட்டபோது கடற்கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்தார்கள். இலங்கை மன்னர் கொடுத்த மணிகளும் அதோடு போயின. சீனா வரை போய் 1349இல் ஊர் திரும்பினார். பின்னர் மாலி நாட்டுக்கும் போய்வந்தார். மொரோக்கோ சுல்தானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதிய பயணநூல் 1355இல் நிறைவடைந்தது. 1368-69 அளவில் காலமானார்.

மலை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை நம் காலத்திலும் அவ்வப்போது எழுகிறது. புத்தரின் பாதம், சிவனின் பாதம், ஆதமின் பாதம் என்று ஒவ்வொருவரும் தத்தம் நம்பிக்கையோடு ஏறிய மலை அது. 1344இல் ஒரு முஸ்லிம் காதி, சைவத் தமிழ் மன்னரின் பல்லக்கில், யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்ட, சிங்கள நாட்டைக் கடந்து அங்கே போய்வந்தார். வழி தெரிந்தவர்கள் துணைக்கு வந்தார்கள். நீங்கள் யாருடைய பாதத்தைத் தேடிப் போகிறீர்கள் என்று அவர்கள் அவரைத் தடுக்கவில்லை.