எழுதப்படாத நூலுக்கும் இடம் தந்தவர்

இன்னும் எழுதப்படாத ஒரு நூலுக்கு இன்றே அலமாரியில் இடம் ஒதுக்க இயலுமா? இயலும் என்று காட்டியவர் சீர்காழி தந்த நூலக மேதை சீ. இரா. அரங்கநாதன் ஆவார்.

1892ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, அரசுக் கல்லூரிகளில் அதனையே கற்பித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தபோது அப்பணி அவருக்கு இனிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்ப விழைந்தார். ஆயினும், பயிற்சிக்காக இலண்டன் சென்றது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று.

அந்நாளில் பெரிதும் வழங்கிய டூயியின் முறை, அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, பொருள்களுக்கு முன்கூட்டியே எண் கொடுத்து வைத்திருந்தது. நாளை இரு துறைகள் கலந்து புதுத்துறை ஒன்று பிறந்தால் அதனை எங்கே வைப்பது? இவ்வினா அவர் உள்ளத்தைக் குடைந்தது. கடையொன்றில் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருள் விடை தந்தது. ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பல பொம்மைகள் செய்கிறார்கள் அல்லவா? அதுபோல நெல், நோய், தடுப்பு, நாடு, ஆண்டு எனக் கூறுகளை இணைத்தே ஒரு நூலின் எண்ணை அமைக்கலாம் என்று கண்டார். அவற்றை இணைக்கும் ஆணியாக, ஆங்கிலத்தில் கோலன் எனப்படும் முக்காற்புள்ளியைக் கொண்டார். 1933இல் அவரது கோலன் பகுப்புமுறை நூலாக வெளிவந்தது.

அதற்கு முன்பே, 1931இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்திருந்தார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல. படிப்போர் எவராயினும் அவருக்குரிய நூல் காலதாமதமின்றிக் கிட்ட வேண்டும். நூலகமோ உயிருள்ள பொருள்போல் வளர்வது. இவையே அவ்விதிகளின் சாரம். எழுதியதோடு நில்லாது, வாசகர் தாமே அலமாரியை அணுகி நூலெடுக்கவும் வழிசெய்தார்.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவரது இடையறா முயற்சியின் கனியாகும். தாம் சேர்த்த ஓர் இலட்சம் ரூபாயைப் பல்கலைக்கழகத்திற்கே நூலக அறிவியல் வளர வழங்கினார். 1962இல் பெங்களூரில் ஆவணப்படுத்தல் ஆய்வு மையத்தை நிறுவினார். 1972இல் மறைந்தார்.

இன்று கணினித் திரையில் மொழி, ஆண்டு, பொருள் எனப் படிப்படியாகச் சலித்து நூல் தேடுகிறோம். அவ்வழியை அன்றே வகுத்த முன்னோடி அவர்.

மாணவ நண்பர்களே! நம் பாடத்திட்டத்திற்கு இறுதிப் பக்கம் உண்டு, அறிவிற்கு இல்லை. தேர்வு முடிந்ததும் நூலக அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு ஓடும் நாம், நாளைய நூலுக்கும் இடம் வைத்துச் சென்ற அப்பெரியாரை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.