மாத்திரையும் மாநாடும்: தஞ்சை மு. ஆபிரகாம் பண்டிதர்

தமிழிசை வரலாற்றை எழுதப் புகும் எவரும் தஞ்சை மு. ஆபிரகாம் பண்டிதரின் பெயரைச் சொல்லாமல் கடந்து செல்ல இயலாது. கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலின் ஆசிரியராகவே இன்று நாம் அவரை அறிவோம். ஆனால், அந்நூலை ஆக்கவும் அச்சிடவும், இசைவாணர்களை நாடெங்கிலுமிருந்து அழைத்து அவை கூட்டவும் வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் சிலரே. அது மன்னர் அளித்த மானியம் அன்று. மடம் வழங்கிய கொடையும் அன்று. மருந்து விற்றுச் சேர்த்த பொருள் அது.

கல்லங்குறிச்சியிலிருந்து திருமானூர் வழியே கொள்ளிடத்தைக் கடந்து, திருவையாற்றையும் தாண்டினால் தஞ்சை வந்துவிடும். அவ்வளவு அண்மையில் வாழ்ந்த பெருமகனைப் பற்றி நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் எழுதுவது பொருத்தமே. அவரை இசையறிஞராக மட்டும் போற்றி, மருத்துவ வணிகராக வாழ்ந்த பக்கத்தை மறைத்துவிடுதல் முறையன்று. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான் அவருடைய உண்மையான பெருமை விளங்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கைகண்ட மருந்துகளின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி, நோய்க்கு அஞ்சி வாழ்ந்த காலம். வாந்திபேதியும் அம்மையும் விடாக்காய்ச்சலும் ஊர் ஊராக வந்து போயின. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தலைகாட்டியது. நோய்க்கிருமிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டு வந்தன. வாந்திபேதிக் கிருமியை இராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதிசெய்தது 1884இல்தான். காரணம் தெரிந்த பின்னரும் நோயை முறிக்கும் மருந்து கைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

அந்த இடைவெளியில்தான் பேட்டண்டு மருந்துகள் பெருகின. ஒரே மாத்திரை நூறு நோயைப் போக்கும் என்று கூறுவதற்கு அன்று தடையேதும் இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1837 அளவில் தாமஸ் ஹாலோவே தொடங்கிய களிம்பும் மாத்திரையும் விளம்பரத்தின் வலிமையாலேயே உலகெங்கும் சென்றன. தாமஸ் பீச்சம் என்பவரின் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், இஞ்சி, சவர்க்காரம் ஆகியவையே. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலப் படை மருத்துவர் காலிஸ் பிரௌன் வாந்திபேதிக்கென்று கூட்டிய கிளோரோடைனில் அபினும் கஞ்சாவும் குளோரோபாரமும் கலந்திருந்தன. அது வலியை மறக்கச் செய்தது. கழிச்சலைச் சற்றே கட்டியது. நோயாளி குணம் கண்டதாக நம்பினார்.

மக்கள் அறிவிலிகள் என்பதால் இவை விற்றன என்று கருதுதல் தவறு. காய்ச்சலிற் பல தாமே தணிபவை. தணிந்தால் மருந்துக்குப் புகழ். தணியாவிடில் விதிக்குப் பழி. பிழைத்தவர் நற்சான்று எழுதினார், இறந்தவர் எழுதவில்லை. பேதி மருந்து உண்டவருக்கு அதன் வேலை கண்முன் தெரிந்தது. இக்காரணங்களால் கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே இவற்றை நாடினர்.

நம் நாட்டிலும் இவ்வணிகம் தழைக்க வழிகள் திறந்தன. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு இருப்புப்பாதை வந்தது. 1877இல் பொருளைப் பெறும்போது பணம் கட்டும் வி.பி.பி. அஞ்சல் முறை தொடங்கியது. அதுவரை வைத்தியர் நோயாளியின் நாடியைத் தொட்டு மருந்து கொடுத்தார். இனி, முகம் காணாத நோயாளிக்கும் மருந்து சென்றது. செய்தித்தாளிலும் பஞ்சாங்கத்திலும் வந்த விளம்பரமே வைத்தியரின் குரலாயிற்று.

தோற்றமும் கல்வியும்

இத்தகைய காலத்தில், 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் ஆபிரகாம் பிறந்தார். எளிய கிறித்தவக் குடும்பம் அவருடையது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அவ்வூரிலேயே ஆசிரியரானார். கைத்தொழில் எதுவாயினும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் இளமையிலேயே அவரிடம் இருந்தது. புகைப்படக் கலையும் அச்சுத் தொழிலும் பயின்றார். சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றார்.

மருத்துவத்தில் அவருக்கு வழிகாட்டியவர் சுருளிமலையில் வாழ்ந்த கருணானந்தர் என்னும் துறவியார். கிறித்தவ ஆசிரியர் ஒருவர் மலைவாழ் சித்தரிடம் மாணாக்கராகி, வாழ்நாள் முழுவதும் அவர் பெயரையே தம் பணிகளுக்கெல்லாம் சூட்டியது எண்ணி வியக்கத்தக்கது. பின்னாளில் அமைத்த தோட்டம் கருணானந்தபுரம். இயற்றிய நூல் கருணாமிர்த சாகரம். ஆசிரியர் பெயரைக் காட்டிலும் உயர்ந்த முத்திரை அவருக்குத் தோன்றவில்லை.

தஞ்சையில் மருத்துவப் பணி

திருமணத்திற்குப்பின் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளுடன் தஞ்சையில் குடியேறினார். நேப்பியர் சீமாட்டியின் பெயரால் அமைந்த பெண்கள் பள்ளியில் இருவரும் பணியாற்றினர். 1890 அளவில் ஆசிரியப் பணியை விடுத்து முழுநேர மருத்துவரானார். மருத்துவத்தாலேயே பண்டிதர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

அவருடைய சஞ்சீவி மருந்துகளும் கோரோசனை மாத்திரைகளும் தமிழ்நாட்டில் மட்டுமன்றிக் கடல் கடந்தும் விற்பனையாயின. மூலிகைகளைப் பிறரிடம் வாங்குவதோடு நில்லாமல் தாமே பயிரிட விரும்பினார். தஞ்சைக்கு வெளியே பரந்த நிலத்தை வாங்கித் திருத்தினார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். அங்கு மூலிகைகளோடு கரும்பும் பிற பயிர்களும் புதுமுறையில் விளைந்தன. சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தை நேரில் வந்து கண்டார். அவர் பெயராலேயே பண்டிதரின் அச்சகம் அமைந்தது. 1909இல் அரசு இராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சஞ்சீவி என்பது இறந்தாரையும் எழுப்பும் மருந்துக்கு நம் இதிகாசம் வழங்கிய பெயர். ஒரு மாத்திரைக்கு அப்பெயரைச் சூட்டுவதே ஒரு வாக்குறுதிதான். மருந்தை ஒரு சாராருக்குக் கொடுத்தும் மற்றொரு சாராருக்குக் கொடாமலும் ஒப்பிட்டுக் காணும் இற்றைநாள் சோதனை முறை அன்று எந்த நாட்டு மருத்துவத்திலும் வேரூன்றவில்லை. ஆகவே அக்கால மருந்துகள் எத்துணைப் பேரைக் குணப்படுத்தின என்பதற்கு விற்பனையைச் சான்றாகக் கொள்ளல் ஆகாது. விற்றது என்பது வேறு; தீர்த்தது என்பது வேறு. பண்டிதர்பால் நாம் கொண்ட மதிப்பு இவ்வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை.

மருந்து வளர்த்த கலைகள்

மருந்தால் ஈட்டிய பொருள் எங்குச் சென்றது என்பதை நோக்கினால் வியப்பான செய்திகள் கிடைக்கின்றன. ஹாலோவேயின் பொருளால் எழுந்த பெண்கள் கல்லூரியை 1886இல் விக்டோரியா அரசியார் திறந்து வைத்தார். பீச்சம் மாத்திரையின் பொருள், அதனைத் தொடங்கியவரின் பேரரான சர் தாமஸ் பீச்சத்தின் கையில் இசைக்குழுக்களாக மலர்ந்தது. இங்கிலாந்தின் தலைசிறந்த இசை நடத்துநருள் ஒருவர் அவர். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவர ராவ், 1908இல் ஆந்திர பத்திரிகையை நிறுவித் தெலுங்கு மக்களின் விழிப்புக்குத் துணைநின்றார்.

இவ்வரிசையில் தஞ்சைப் பண்டிதருக்குத் தனியிடம் உண்டு. ஹாலோவே கல்விக்குப் பொருள் கொடுத்தார், கற்பித்தவர் பிறர். பீச்சம் குடும்பத்தில் பொருள் ஈட்டியவர் ஒருவர், இசைத்தவர் மற்றொருவர். பண்டிதரோ தாமே ஈட்டினார், தாமே ஆராய்ந்தார், தாமே எழுதித் தம் அச்சகத்திலேயே பதிப்பித்தார்.

இசை ஆராய்ச்சி

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் வெளியிட்ட பின்னரே பழந்தமிழர் இசைமுறை ஆய்வாளர் கண்ணுக்குப் புலனாகத் தொடங்கியது. ஆய்ச்சியர் குரவை முதலிய பகுதிகளில் பொதிந்து கிடந்த பாலை வகைகளைப் பண்டிதர் கணக்கிட்டு ஆராய்ந்தார். ஓர் இயக்கில் 22 சுருதிகள் என்பது வடமொழி இசைநூல்களின் வழிவந்த கொள்கை. பண்டிதர் அதனை ஏற்கவில்லை. ஆயப்பாலையில் 12 சுரங்களும், வட்டப்பாலையில் 24 அலகுகளும் சமமாக அமைகின்றன என்பது அவர் முடிவு. அவ்விருபத்து நான்கில் இரண்டு அலகுகளைக் குறைத்து இசைத்த முறையை முன்னோர் மறைப்பாக வைத்தனர். அம்மறைப்பை உணராதோரே 22 எனக் கொண்டனர் என்று அவர் விளக்கினார்.

இம்முடிவைத் தம் வீட்டுக்குள் வைத்துப் போற்றியிருக்கலாம். நூலாக அச்சிட்டு நண்பருக்கு வழங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்தார். தம் சொந்தச் செலவில் மாநாடுகளை அடுத்தடுத்துக் கூட்டினார். இசைவாணரும் இலக்கணம் வல்லாரும் வந்து வாதிட்டனர். 1916இல் பரோடா மன்னர் ஆதரவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிற்கும் சென்றார். 22 சுருதிக் கொள்கையினர் நிறைந்த அவையில் தம் கருத்தை எடுத்துரைத்தார். அவருடைய மகளிர் மரகதவல்லி அம்மையாரும் கனகவல்லி அம்மையாரும் அதனை இசைத்துக் காட்டினர். பெண்கள் மேடையேறி இசையிலக்கணத்தை விளக்குதல் அக்காலத்தில் அரிய செயல்.

1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்நூலில் சுருதிக் கணக்கோடு தென்னாட்டு இசைவாணர்களைப் பற்றிய செய்திகளும் தொகுக்கப்பட்டுள்ளன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1919 ஆகஸ்டு 31ஆம் நாள், பண்டிதர் தம் அறுபதாம் வயதில் காலமானார்.

இருவேறு வழிகள்

மருத்துவத்தில் மறைப்பு என்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கு. பரிபாடையாகப் பாடி வைத்த சித்தர் நூல்களைக் குருவின் துணையின்றி எவரும் விளங்கிக்கொள்ள இயலாது. தகுதியற்றோர் கையில் சிக்கி நஞ்சாகிவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பேட்டண்டு மருந்துக் காலத்தில் அதே மறைப்பு வணிகக் காப்பாயிற்று. உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமலே உலகம் உண்டது. 1909இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் இத்தகைய இரகசிய மருந்துகளைப் பகுத்தாய்ந்து நூலாக வெளியிட்ட பின்னரே அந்நாட்டார் விழித்தனர். அமெரிக்காவில் 1906இல் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1954இல்தான் மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1964இல் சித்த, ஆயுர்வேத மருந்துகளின் உற்பத்தியும் சட்ட வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது.

அத்தகைய மறைப்பு மரபில் பயின்ற ஒருவர், இசையில் மறைப்பை அவிழ்க்க முற்பட்டார் என்பதே பண்டிதர் வாழ்வின் தனிச்சிறப்பு. மருந்தைப் பெயரை நம்பி வாங்கினர் மக்கள். ஆனால் இசைக் கொள்கையைத் தம் பெயருக்காக ஏற்குமாறு அவர் எவரையும் கேட்கவில்லை. கணக்கைக் காட்டினார், வீணையில் வைத்துக் காட்டினார், மறுப்போரை வண்டிச் செலவு கொடுத்து வரவழைத்தார். விளம்பரம் நற்சான்றைத் தேடும். ஆராய்ச்சி மறுப்பைத் தேடும். தம் வாழ்நாளின் பிற்பகுதியில் பண்டிதர் மறுப்பைத் தேடிச் சென்றார்.

அவர் கணக்கை எல்லோரும் ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் வேறு வழியில் கணக்கிட்டார். வாதம் இன்னும் ஓயவில்லை. அது பண்டிதருக்குக் குறையன்று. மறுக்கத்தக்க முறையில் சொல்லப்பட்ட கருத்தே அறிவுலகில் நிலைத்து வாழும். எவரும் மறுக்க இயலாதபடி மூடி வைக்கப்பட்ட பேட்டண்டு மருந்துகளிற் பல இன்று பெயரளவில்கூட இல்லை.

நிறைவுரை

இன்றும் தீராத நோயைத் தீர்ப்பதாகக் கூறும் விளம்பரங்கள் குறையவில்லை. அவற்றைக் காணும்போது, உள்ளே இருப்பது யாது, எவர் எவ்வாறு சோதித்தனர் என்று வினவும் பழக்கம் நமக்கு வேண்டும். அவ்வினாவை எழுப்புவது மரபைப் பழிப்பது ஆகாது. தம் உள்ளத்துக்கு மிக உகந்த கொள்கையையே எதிர்ப்போர் அவையில் வைத்த தஞ்சைப் பண்டிதர் காட்டிய வழி அது. அவர் மாத்திரைகளை நாம் உண்ண வேண்டுவதில்லை. அவர் கூட்டிய மாநாடுகளின் நெறியை நம் இலக்கிய அவைகளில் கைக்கொள்வோமாக.