பென்னிகுவிக்: தண்ணீர் வந்ததால்தான் தெய்வம் ஆனாரா? வராமல் போயிருந்தால்?

ஜனவரி 15 வந்தால் தேனி மாவட்டத்தில் இரண்டு பொங்கல். ஒன்று சூரியனுக்கு, இன்னொன்று ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு. கூடலூர், கம்பம், சின்னமனூர் பக்கம் போனால் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் மாட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருப்பார்கள். தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கே அவர் பெயர்தான்.

யார் இவர் என்று ஒவ்வொரு வருஷமும் இதே நாளில் எல்லாச் சேனலும் எழுதுவதுதான். இந்த முறை கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துக்கொள்வோம். ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை அதன் விளைவை வைத்து மட்டும் சொல்லிவிட முடியுமா? பென்னிகுவிக் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

யார் இந்த பென்னிகுவிக்?

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15-ல் புனேவில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1849-ல் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அப்போது இவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. இங்கிலாந்தில் படிப்பை முடித்து, சென்னை மாகாண ராணுவப் பொறியாளராக 1860-ல் திரும்பி வந்தார்.

அவர் கைக்கு வந்த வேலை புதிதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை பெரியாறாக ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் வைகை பாதி வருஷம் மணல்தான். அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் என்ன? 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை இதற்காக மலையில் இடம் பார்த்திருக்கிறார். பணம் இல்லாததால் அதோடு நின்றது. 1808-ல் வந்து பார்த்த கேப்டன் கால்டுவெல், இது நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850-ல் சின்னதாக ஒரு வேலை ஆரம்பித்து, காய்ச்சலுக்குப் பயந்து பாதியில் விட்டார்கள்.

1876-78-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய ஃபைல் மறுபடி மேஜைக்கு வந்தது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுவிக்குக்குக் கிடைத்தது, 1884-ல் ஒப்புதல். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய் குத்தகை, 999 வருஷம். ஆமாம், 999.

அணை எப்படி எழுந்தது?

1887-ல் வேலை தொடங்கியது. அடர்ந்த காடு, யானைகள், மலேரியா, காலரா. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் கீழே சமவெளியிலிருந்தும் கூலியாட்கள் மலை ஏறினார்கள். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் காரையில் கல்லைப் பிணைத்துக் கட்டினார்கள். காய்ச்சல் காலமும் வெள்ளக் காலமும் போக மிச்ச நாட்களில்தான் வேலை. கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள், மறுபடி போனது. அணையோடு சேர்த்து, தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து சுமார் ஒரு மைலுக்குச் சுரங்கமும் வெட்டினார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கட்டுமான காலத்தில் நோயில் மட்டும் இறந்தவர்கள் 483 பேர் என்று பதிவுகள் சொல்கின்றன. அணைக்குப் பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெள்ளம் இன்னும் இரண்டு முறை பலமாக வந்து, அரசாங்கம் கைவிரித்திருந்தால்? அதே பென்னிகுவிக், அதே பிடிவாதம், அதே உழைப்பு. ஆனால் நமக்குக் கிடைத்திருப்பது மக்கள் பணத்தையும் 483 உயிரையும் காட்டில் தொலைத்த ஓர் அதிகாரியின் கதை. ஆள் மாறவில்லை, செயலும் மாறவில்லை, மழை மட்டும்தான் மாறியிருக்கும். விளைவை வைத்து மட்டும் ஒருவரை எடைபோட்டால் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும்.

நோக்கம் என்ன?

சரி, விளைவை விட்டுவிட்டு நோக்கத்தைப் பார்க்கலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. பஞ்சத்தைத் தடுப்பது ஒரு காரணம். தண்ணீர் பாய்ந்தால் நிலவரி கூடும் என்பது இன்னொரு காரணம். பிரிட்டிஷ் அரசு ஒரு பாசனத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, போட்ட காசு திரும்பி வருமா என்ற கணக்கைப் போடாமல் இருந்ததில்லை. அந்தக் கணக்கால் நெல் விளைந்தது என்பதற்காகக் கணக்குப் போட்டவரைப் புண்ணியவான் என்று சொல்ல முடியுமா?

பென்னிகுவிக் விஷயத்தில் மக்கள் இதற்கு வேறு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அரசு பணத்தை நிறுத்தியபோது, அவர் இங்கிலாந்து போய் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டினார் என்ற கதை. மேடையில், பட்டிமன்றத்தில், வாட்ஸ்அப்பில் எல்லாம் கேட்டிருப்பீர்கள். நானும் ஒரு வருஷம் யோசிக்காமல் அப்படியே காப்பியில் எழுதியிருக்கிறேன். ஆனால் இதற்கு உறுதியான ஆவணத்தை இதுவரை யாரும் காட்டவில்லை. 2021-ல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்காக இடிக்கப் போகும் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று சர்ச்சை கிளம்பியது ஞாபகம் இருக்கா? அவர் இறந்த பிறகு கட்டிய கட்டடம் அது என்று அரசு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

நகைக் கதை உண்மையா பொய்யா என்பதைவிட, அது ஏன் தேவைப்பட்டது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். தண்ணீர் வந்துவிட்டது, வயல் விளைந்துவிட்டது. விளைவு மட்டுமே போதும் என்றால் கும்பிட அதுவே போதுமே? ஆனால் மக்களுக்கு அது போதவில்லை. வேலைக்காகச் செய்தார், சம்பளத்துக்காகச் செய்தார் என்று விட மனசு வரவில்லை. இழந்து செய்தார் என்று தெரிந்தால்தான் கை கூப்ப முடிகிறது. வள்ளுவரிடமே இந்த இழுபறி இருக்கிறது. குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யையும் உண்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார். அவரே, பெற்றவள் பசித்திருப்பதைப் பார்த்தாலும் சான்றோர் பழிக்கும் காரியத்தைச் செய்யாதே என்றும் சொல்லிவிடுகிறார்.

யாருக்குக் கிடைத்தது?

விளைவைக் கணக்குப் பார்ப்பதென்றால் முழுசாகப் பார்க்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம். பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு கால்வாயில் 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பகுதிகளில் 1,05,002 ஏக்கர் ஒருபோகம். மதுரை நகரம் குடிக்கும் தண்ணீரிலும் பெரியாறு இருக்கிறது.

ஆனால் மேற்கே உசிலம்பட்டி வானம் பார்த்த பூமியாகவே இருந்தது. அந்தப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தண்ணீர் இல்லாதது மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஒரே அரசாங்கம், சில மைல் இடைவெளியில், ஒரு பக்கம் கால்வாயும் இன்னொரு பக்கம் ரேகைப் பதிவும் கொடுத்தது என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் கணக்கே வேறு. கேரளாவுக்கு அது பழைய அணை, கீழே குடியிருக்கும் மக்களுக்குப் பயம். 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகள் நடந்த பிறகு 2006-ல் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2014 மே 7-ல் அதை உறுதி செய்தது. இன்னொரு பக்கம், நீரில் மூழ்கிய காட்டைச் சுற்றியிருந்த வனம் 1978-ல் புலிகள் காப்பகம் ஆனது. அதை 1887-ல் யாரும் திட்டமிடவில்லை. அதற்கான பாராட்டை யாருக்குக் கொடுப்பது?

கடைசி நாட்கள்

1896-ல் பென்னிகுவிக் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நதி வெள்ளத் தடுப்புக்கு யோசனை எழுதிக் கொடுத்தார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் இறந்தார். லோயர் கேம்பில் அவர் மணிமண்டபம் 2013-ல் திறக்கப்பட்டது, கேம்பர்லியில் தமிழ்நாடு அரசு செய்த சிலை 2022-ல்.

ஜூன் மாதம் தேக்கடி மதகைத் திறக்கும்போது, பாய்ந்து வரும் தண்ணீரில் பூத்தூவுவார்கள். அன்றைக்குப் பேசுகிற எல்லோரும் பென்னிகுவிக் பெயரைச் சொல்வார்கள். அந்த 483 பேருக்கும் சேர்த்து ஒரு பிடி பூ போடலாம். கல்லறைத் தோட்டம் அணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.